சுண்டைக்காய் கால் பணம், பீப்பாய் முக்கால் பணம்

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் மைனஸ் 37.63 டாலருக்கு முடிந்தது. அதாவது விற்பவரே கையிலிருந்து காசு கொடுத்து, "தயவுசெஞ்சு இதை எடுத்துட்டுப் போங்க" என்று சொல்கிற நிலை. கொரோனா ஊரடங்கில் வண்டி ஓடவில்லை, விமானம் பறக்கவில்லை, எண்ணெய் விற்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். ஆனால் விலை குறைவதற்கு அது காரணம். பூஜ்யத்துக்குக் கீழே போனதற்குக் காரணம் வேறு. மே மாத ஒப்பந்தம் மறுநாள் முடிகிறது. கையில் வைத்திருப்பவர் ஒக்லஹோமா மாநிலத்துக் குஷிங் ஊரில் எண்ணெயை நேரில் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே இருந்த தொட்டிகள் ஒன்று நிறைந்திருந்தன, இல்லையென்றால் ஏற்கெனவே வேறு யாரோ வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தார்கள். எண்ணெய் இருக்கிறது, வைக்கப் பாத்திரம் இல்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்ம ஊரில் சொல்வார்கள். எண்ணெயின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்தப் பழமொழிதான் திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணெய்க் கிணறு, போர், அரசியல், விலை பற்றியெல்லாம் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். தோண்டி எடுத்ததை அடுத்த இடம் போகும்வரை எதில் வைத்தார்கள் என்ற சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், வேறொரு கதை கிடைக்கிறது. அதில் மதராஸும் எண்ணூரும் பர்மாவும் இருக்கின்றன.

பானை

1795இல் ஆவா அரசவைக்குத் தூது போன மைக்கேல் சைம்ஸ், ஐராவதி ஆற்றங்கரையில் யெனாஞ்சாங் என்ற ஊரைப் பார்த்தார். எண்ணெய் ஓடை என்பதுதான் ஊர்ப் பெயருக்கே பொருள். கையால் தோண்டிய கிணறுகள், பரம்பரை உரிமையுள்ள குடும்பங்கள், கயிறு கட்டி இறைக்கிற ஆட்கள். அமெரிக்காவில் எட்வின் டிரேக் முதல் கிணறு போட்டதாகப் பாடப்புத்தகம் சொல்கிற 1859க்கு அறுபது வருடங்களுக்கும் மேல் முந்தியே இங்கே எண்ணெய் ஒரு தொழிலாக நடந்துகொண்டிருந்தது.

இறைத்த எண்ணெயை மண்பானையில் ஊற்றி வைத்தார்கள். ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான பானைகள் வரிசையாக நின்றதையும், அதில் சில உடைந்துகொண்டே இருந்ததையும், எண்ணெய் மணலோடு கலந்து சகதியாகக் கிடந்ததையும் சைம்ஸ் குறித்திருக்கிறார். படித்ததும் நமக்கு 'என்ன வீணடிப்பு' என்று தோன்றும். ஆனால் பானை மோசமான தேர்வு இல்லை. உள்ளூர்க் குயவர் செய்வார், விலை குறைவு, வண்டியிலும் ஏறும் படகிலும் ஏறும், ஒன்று உடைந்தால் ஒன்றுதான் போகும். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான கணக்கு. சின்னச் சின்னதாக நிறையத் தோற்பதா, பெரிதாக ஒரே ஒருமுறை தோற்பதா? இந்தக் கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க வரும்.

பீப்பாய்

பென்சில்வேனியாவில் 1859 ஆகஸ்ட் கடைசியில் டிரேக்கின் கிணற்றில் எண்ணெய் வந்தபோது அதைப் பிடித்து வைக்க யாரிடமும் ஏற்பாடு இல்லை. கிடைத்த விஸ்கி பீப்பாய், தொட்டி எல்லாவற்றிலும் நிரப்பினார்கள். இரண்டே வருடத்தில் எண்ணெய் பெருகி, 1861 கடைசியில் ஒரு பீப்பாய் எண்ணெய் 10 சென்ட்டுக்கு வந்துவிட்டது. பீப்பாயின் விலையோ அதைப்போலப் பல மடங்கு. 2020க்கு 159 வருடங்கள் முன்னாலேயே குஷிங் கதை ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது!

மரப்பீப்பாய் ஒழுகும். குண்டும் குழியுமான ரோட்டில் குதிரை வண்டியில் போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிடும். வாங்குபவர் சண்டை போடுவார். 1866இல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: 40 கேலனுக்கு 2 கேலன் கூடுதலாகத் தருவது. அதிலிருந்து வந்ததுதான் 42 கேலன் பீப்பாய், நம் கணக்கில் சுமார் 159 லிட்டர். இன்றைக்குச் செய்தியில் பீப்பாய் விலை என்று வாசிக்கும்போது, ஒழுகலுக்காகச் சேர்த்துக் கொடுத்த அந்த இரண்டு கேலனையும் சேர்த்துத்தான் வாசிக்கிறார்கள். கச்சா எண்ணெயை இப்போது பீப்பாயில் அடைத்து அனுப்புவதில்லை. பாத்திரம் போய்விட்டது, அளவு மட்டும் மிச்சம். எங்க பக்கம் வள்ளம் என்ற தானிய அளவை பெரியவர்கள் பேச்சில் மட்டும் இருப்பது மாதிரி.

அடுத்த கட்டம் வேகமாக நடந்தது. 1865இல் ஆமோஸ் டென்ஸ்மோர் திறந்த ரயில் வண்டியின் மேல் இரண்டு பெரிய மரத்தொட்டிகளை நிறுத்தினார். ஒவ்வொன்றும் சுமார் 40 பீப்பாய் பிடிக்கும். அதுவும் ஒழுகியது, கவிழ்ந்தது. சில வருடங்களில் அதன் இடத்துக்குப் படுக்கைவாட்டு இரும்புத் தொட்டி வந்தது. இன்றைய டேங்கர் ரயில், டேங்கர் லாரி எல்லாவற்றுக்கும் தாத்தா அதுதான்.

டின்

நம் வீடுகளுக்கு எண்ணெய் வந்தது சீமெண்ணெயாக, டின்னில். சுமார் 4 கேலன் பிடிக்கும் சதுர டின், இரண்டு டின் ஒரு மரப்பெட்டியில். கப்பலில் அடுக்கினால் இடம் வீணாகாது என்பதற்காகத்தான் அந்தச் சதுரம்.

1892இல் மார்கஸ் சாமுவேல் 'மியூரெக்ஸ்' என்ற கப்பலில் பெட்டி, டின் எதுவும் இல்லாமல் எண்ணெயை அப்படியே நிரப்பி சூயஸ் கால்வாய் வழியாகக் கிழக்கே அனுப்பினார். ஆசியத் துறைமுகங்களில் முன்கூட்டியே பெரிய தொட்டிகள் கட்டி வைத்தாயிற்று. செலவு பாதியாகக் குறையும், ஸ்டாண்டர்ட் ஆயிலை வீழ்த்திவிடலாம் என்பது திட்டம். ஆனால் மொத்தமாக வந்த எண்ணெயை வாங்க ஆள் வரவில்லை. ஏன்? ஜனங்களுக்கு எண்ணெயோடு டின்னும் வேண்டும்! காலி டின் என்றால் தண்ணீர்க் குடம், அரிசி வைக்க டப்பா, வெட்டி விரித்தால் கூரைத் தகடு. சாமுவேல் உடனே தகரத்தை அனுப்பி, துறைமுகத்திலேயே டின் செய்யவைத்தார். ஸ்டாண்டர்ட் ஆயிலின் டின் நீலம், இவருடையது சிவப்பு. இன்றைக்கும் மளிகைக் கடையில் 15 கிலோ எண்ணெய் டின்னைப் பார்த்தால் அதே உருவம்தான். காலியானதும் அதற்குத் தனியாக ஒரு விலை உண்டு என்பதும் மாறவில்லை.

அந்த டின்னுக்கு இன்னொரு முகமும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை பெட்ரோலை இதே மாதிரி 4 கேலன் மெல்லிய டின்களில்தான் கொண்டுபோனது. பெட்ரோலில் சுமார் 30 சதவீதம் வழியிலேயே போனதாகத் தளபதி ஆக்கின்லெக் கணக்குச் சொன்னார். எதிரில் ஜெர்மானியர்களிடம் 20 லிட்டர் கெட்டி கேன் இருந்தது. அதைப் பார்த்துப் பிரிட்டிஷார் காப்பியடித்ததுதான் 'ஜெர்ரி கேன்'. சமையலறைக்கு அருமையான டின் போர்க்களத்துக்குப் படுமோசம். எதற்கு, எங்கே, எத்தனை தூரம் என்று கேட்காமல் பாத்திரத்தை நல்லது கெட்டது என்று சொல்லவே முடியாது.

கரையில் நின்ற தொட்டி

தொட்டி பெரிதாகப் பெரிதாக லாபம். கணக்கு எளிது: விட்டமும் உயரமும் இரண்டு மடங்கானால் தகட்டின் பரப்பு 4 மடங்கு, கொள்ளளவு 8 மடங்கு. அதனால் எல்லாக் கம்பெனிகளும் துறைமுகத்தில் பெரிய பெரிய தொட்டிகளாகக் கட்டின. மதராஸ் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் கடலைப் பார்த்தபடி நின்றன.

1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணியளவில், ஜெர்மனியின் எம்டன் கப்பல் வந்தது. ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் குறிவைத்தது கோட்டையை இல்லை, எண்ணெய்த் தொட்டிகளை. சுமார் அரைமணி நேரம் குண்டு மழை. இரண்டு தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. சிலர் இறந்தார்கள். அடுத்த நாட்களில் ஜனம் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பியது. உயர்நீதிமன்றச் சுவரில் நினைவுக்கல் இருக்கிறது. பேச்சில் 'அவன் பெரிய எம்டன்' இருக்கிறது.

ஆயிரம் பானையை உடைக்க ஆயிரம் அடி வேண்டும். ஒரு பெரிய தொட்டிக்கு ஒரு குண்டு போதும். கடலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் மொத்தத்தையும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மதராஸ் ஒரு பாடம்.

அந்தப் பாடம் கடலுக்கு அப்பால் திருகோணமலையில் கட்டடமாகவே நிற்கிறது. பிரிட்டிஷ் கடற்படை உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தொடங்கி, அங்கே நூற்றுக்கு ஒன்று கூடுதலாக எரிபொருள் தொட்டிகளைக் கட்டியது. கச்சா எண்ணெய் இல்லை, போர்க்கப்பலுக்கான எரிபொருள். ஒவ்வொன்றும் சுமார் 10,000 டன். ஒரே இடத்தில் குவிக்காமல் காட்டுக்குள் இடைவெளி விட்டு விட்டுக் கட்டினார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தொட்டி எரிந்தது; மற்றவை தப்பின. பிரித்து வைத்ததற்குப் பலன் கிடைத்தது. ஆனால் நிரந்தரத் தொட்டிக்கே உரிய இன்னொரு சிக்கல் பின்னால் வந்தது. கடற்படை போய்விட்டது, தொட்டிகளை எடுத்துப் போக முடியாது. மிச்சமுள்ள 99இல் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் காட்டுக்குள் சும்மா நின்றது. 2022 ஜனவரியில் போட்ட ஒப்பந்தத்தில்தான் 14 இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனத்துக்கு, 24 இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு என்று பிரித்தார்கள்.

விட்டுவிட்டுப் போன தொட்டி, கழற்றி எடுத்துப் போன தொட்டி

1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது பிரிட்டிஷார் எண்ணெயை எடுத்துப் போக வழியில்லை. எதிரிக்கும் கிடைக்கக் கூடாது. மார்ச்சில் ரங்கூன் பக்கத்துச் சிரியம் சுத்திகரிப்பு ஆலையைத் தாங்களே கொளுத்தினார்கள். ஏப்ரல் நடுவில் யெனாஞ்சாங் வயல். சைம்ஸ் பானைகளைப் பார்த்த அதே ஊர். அங்கே சுமார் 10 லட்சம் கேலன் கச்சா எண்ணெய் எரிந்ததாக ஜெனரல் ஸ்லிம் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

நஷ்டம் யாருடையது? பர்மா ஆயில் கம்பெனி பிரிட்டிஷ் அரசு மேல் வழக்குப் போட்டது. 1964இல் பிரபுக்கள் சபை, அரசு ஈடு தரவேண்டும் என்று கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடனே 1965இல் பாராளுமன்றம் போர்ச் சேதச் சட்டம் ஒன்றை முன்தேதியிட்டு நிறைவேற்றி அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. சட்டக் கல்லூரியில் இன்றும் பாடமாக வருகிற வழக்கு. அதே 1942இல் லட்சக்கணக்கான இந்தியர்கள், நம் தமிழர்களும், பர்மாவிலிருந்து நடந்தே வந்தார்கள். வழியிலேயே பல்லாயிரம் பேர் செத்தார்கள். தொட்டிக்காகவாவது வழக்குப் போட ஒரு கோர்ட் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அதே போர்முனையில் வேறொரு வகைப் பாத்திரம் வருகிறது. கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜிலிருந்து அசாமின் தின்சுகியாவுக்கும், அங்கிருந்து பர்மா வழியாகச் சீனாவின் குன்மிங்குக்கும் அமெரிக்க ராணுவம் எரிபொருள் குழாய் போட்டது. ஆள் தூக்கக்கூடிய 20 அடிக் குழாய்கள், முனையில் கிளிப் மாதிரி இணைப்பு. தொட்டிகளும் அப்படியே: வளைத்த இரும்புத் தகடுகளைப் போல்ட் போட்டு, நடுவில் ரப்பர் வாஷர் வைத்து முறுக்குவது. வெல்டிங் வேண்டாம். சில ஆட்கள் சில நாளில் நிறுத்தலாம், வேலை முடிந்தால் கழற்றி லாரியில் ஏற்றலாம். இந்த யோசனை ராணுவத்துடையது இல்லை. அமெரிக்க எண்ணெய் வயல்களில் கிணறு வற்றியதும் தொட்டியைக் கழற்றி அடுத்த கிணற்றுக்குக் கொண்டுபோகிற பழக்கத்திலிருந்து வந்தது. ஆற்றங்கரைப் பானையின் குணமும் கரைத் தொட்டியின் கொள்ளளவும் ஓரளவுக்குச் சேர்ந்த பாத்திரம்.

எண்ணூரில் பக்கெட்

2017 ஜனவரி 28 விடிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கனரக எரிபொருள் எண்ணெய் கடலில் கலந்து கரைக்கு வந்தது. மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டால் அள்ளுகிற படங்கள் உலகம் முழுக்கப் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் படகில் போய் அள்ளி டிரம்மில் ஊற்றினார்கள்.

'பக்கெட்டா!' என்று அப்போது எல்லாரும் கிண்டல் செய்தோம். அள்ளுவது ஒரு பாதிதான். அள்ளியதை எங்கே வைப்பது என்பது மறுபாதி. கடலில் அலையில் அடிபடும் எண்ணெய் தண்ணீரை உறிஞ்சிக் குழம்பாகிவிடும். அந்தக் குழம்பில் நான்கில் மூன்று பங்கு வரை தண்ணீர் இருக்கலாம். ஒரு டன் கொட்டினால் மூன்று நான்கு டன் அள்ளவேண்டியிருக்கும். கூடவே மணல், பிளாஸ்டிக், பாசி. எவ்வளவு நல்ல உறிஞ்சும் இயந்திரம் இருந்தாலும் பக்கத்துத் தொட்டி நிறைந்த நிமிடம் அது நின்றுவிடும். அதனால்தான் எண்ணெய்க் கசிவுக்குத் தயாராகிற துறைமுகங்கள், மடித்து வைக்கிற தொட்டி, தலையணை மாதிரி ஊதிப் பெருக்கிற ரப்பர் தொட்டி, கப்பலால் இழுத்துப் போகும் மிதவைத் தொட்டி என்று முன்னாலேயே வாங்கி வைக்க வேண்டும்.

தேர்ந்தெடுப்பதென்றால்

எங்க முதலிபாளையம் சிட்கோ பக்கமோ சாயப்பட்டறைப் பக்கமோ போனால், இரும்புக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் வைத்த 1000 லிட்டர் டேங்கைப் பார்க்கலாம். ஐபிசி என்பார்கள். ரசாயனத்துக்கு அருமை. கச்சா எண்ணெய்க்கு ஆகாது. பிளாஸ்டிக் மின்னேற்றத்தை நிலத்துக்குக் கடத்தாது; எண்ணெய் ஓடும்போது உரசி உண்டாகிற நிலைமின் பொறி ஒன்றே ஆவிக்குப் போதும். இரும்புத் தொட்டி என்றாலும் எர்த் கம்பி இல்லாமல் ஏற்றவோ இறக்கவோ கூடாது.

இன்றைக்குக் காவிரிப் படுகை மாதிரி சின்னச் சின்னக் கிணறுகள் உள்ள இடத்தில் தற்காலிகத் தொட்டி வைப்பதென்றால், மேலே பார்த்த கதைகளே கேள்விகளாகத் திரும்பி வரும்.

ஒன்று, எத்தனை நாளைக்கு? சோதனைக்குச் சில வாரம் என்றால் லாரியே இழுத்து வந்து நிறுத்துகிற தொட்டி போதும். அமெரிக்க வயல்களில் இந்த வகை 500 பீப்பாய், அதாவது சுமார் 79,500 லிட்டர் பிடிக்கும். ரோட்டில் காலியாகத்தான் இழுக்கலாம். எண்ணெயோடு நகர வேண்டுமென்றால் 20 அடிக் கண்டெய்னர் சட்டத்துக்குள் இருக்கிற தொட்டி, சுமார் 24,000 லிட்டர். ஒரு வருடம் இரண்டு வருடம் என்றால் போல்ட் தொட்டி. அதற்கும் மேல் என்றால் வெல்டிங்.

இரண்டு, எண்ணெய் எப்படிப்பட்டது? கிணற்றிலிருந்து வரும்போது வாயுவும் தண்ணீரும் மணலும் சேர்ந்தே வரும். வாயுவைப் பிரிக்காமல் தொட்டியில் விட்டால் ஆபத்து. தண்ணீர் அடியில் தங்க நேரம் வேண்டும், அடியில் வடிகால் வேண்டும். மெழுகு அதிகமுள்ள எண்ணெய் குளிர்ந்தால் உறைந்துவிடும், சூடாக்க வசதி வேண்டும். வெயிலில் தொட்டி மூச்சுவிடும். பகலில் ஆவி வெளியே, இரவில் காற்று உள்ளே. அந்த மூச்சோடு சரக்கும் போகிறது.

மூன்று, கசிந்தால் எங்கே போகும்? தொட்டியைச் சுற்றிக் கட்டுகிற கரை, உள்ளே இருக்கிற பெரிய தொட்டி முழுசாக உடைந்தாலும் தாங்க வேண்டும். தற்காலிகம்தானே என்று முதலில் விட்டுப்போவது இதுதான். 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் கசிந்தது குழாய்தான், தொட்டி இல்லை; ஆனால் எண்ணெய் பரவியது வயலில். அந்த ஊர் ஏன் அவ்வளவு கோபப்பட்டது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

2020இல் விலை விழுந்தபோது இந்தியாவிடம் பாத்திரம் தயாராக இருந்தது. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறைக்குள் குடைந்த குகைகள், மொத்தம் 53.3 லட்சம் டன். மலிவு விலையில் நிரப்பியதில் சுமார் 5000 கோடி ரூபாய் மிச்சம் என்று அரசு சொன்னது. குஷிங்கில் பாத்திரம் இல்லாதவர் காசு கொடுத்துத் தள்ளிவிட்ட அதே மாதங்கள்.

எண்ணெய் வருவதற்கு முன்னால் பாத்திரம் யோசித்தவருக்கு லாபம். வந்தபின் யோசித்தவருக்கு நஷ்டம். யாருமே யோசிக்காமல் விட்டால் அந்த நஷ்டம் வயல்காரருக்கும் மீனவருக்கும் போய்ச் சேர்கிறது. தற்காலிகத் தொட்டி என்ற பெயரில் 'தற்காலிகம்' என்பது தொட்டிக்கு மட்டும்தான். மண்ணில் இறங்கிய எண்ணெய்க்கு இல்லை.

சிரியம் ஆலையில் வேலைபார்த்த நம் ஆட்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். குறிப்புகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. வீட்டில் பர்மா பழங்கதை சொல்லும் பெரியவர்கள் இருந்தால் இப்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.